விழுந்து விழுந்து நின்ற பாலம்

கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநுராதபுரத்துக்கு வந்து, அபயகிரி விகாரைப் பக்கம் இரண்டு வருடம் தங்கி, பௌத்த ஏடுகளைத் தேடித் தேடிச் சேர்த்துப் போனவர் சீனத் துறவி பாஹியன். இலங்கையில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரிந்த பெயர். இந்தத் தீவுக்கு அவர் கப்பலில் வந்தார், கப்பலிலேயே திரும்பினார். ஆனால் சீனத்திலிருந்து இந்தியாவுக்குள் நுழைந்தது கால்நடையாக. வழியில் சிந்து நதியின் மலைப்பள்ளத்தாக்கு குறுக்கிட்டது. செங்குத்துப் பாறையில் எழுநூறு படிகள் இறங்கி நதியோரம் வந்தபோது, எதிர்க்கரை எண்பது எட்டுத் தூரத்தில் தெரிந்தது. படகு இல்லை. மரப்பாலம் இல்லை, கற்பாலமும் இல்லை. இரண்டு கரைக்கும் நடுவே கயிறுதான் தொங்கிக்கொண்டிருந்தது.

அதில் ஏறித்தான் அவர் அக்கரை சேர்ந்தார். நதியின் நடுவே தூண் நிறுத்த வழியில்லாத இடத்தில் மலை மக்கள் கண்டுபிடித்திருந்த உபாயம் அது. கடல் கடந்து வெகு தொலைவில், பெருவின் மலைகளிலும் இதே உபாயம் தனியாகப் பிறந்திருந்தது. அங்கே இன்கா மக்கள் புல்லைத் திரித்து வடமாக்கிப் பாலம் கட்டினார்கள். கெஸ்வாச்சாக்கா என்ற இடத்தில் சுற்றுக் கிராமத்தார் கூடி, இன்றும் ஆண்டுதோறும் பழைய வடத்தை அறுத்து ஆற்றில் விட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். பண்பாட்டுப் பெருமை என்று சுற்றுலாக்காரர்கள் படம் பிடிக்கிறார்கள். தொடக்கத்தில் அது பெருமையல்ல, கட்டாயம். புல் அழுகும். அழுகாத கயிறு ஒன்று வேண்டும் என்று முதலில் தவித்தவர்களில் ஒருவர், அதற்குக் காசு சேர்க்க நாடகக் குழு நடத்த வேண்டியிருந்தது.

அவர் பெயர் தாங்தோங் கியல்போ. 15ஆம் நூற்றாண்டுத் திபெத்தியத் துறவி. ஏழு சகோதரிகளை ஆடவும் பாடவும் வைத்து ஊர் ஊராக இரும்பும் பொருளும் திரட்டினார் என்பது அங்கே வழங்கும் கதை. திபெத்திய இசை நாடகத்துக்கே அவர்தான் தந்தை என்கிறார்கள். பூட்டானில் உருக்கிய இரும்பைக் கண்ணி கண்ணியாகக் கோத்துச் சங்கிலியாக்கி, ஐம்பதுக்கும் மேற்பட்ட பாலங்களை அவர் தொங்கவிட்டதாகக் கணக்குச் சொல்வார்கள். சங்கிலி அழுகவில்லை. ஆனால் அதில் ஆள் நடக்கலாமே தவிர, வண்டி ஓட்ட முடியாது. நடைதளமும் சங்கிலியோடு சேர்ந்து குழிந்து தொங்கியது. அந்தக் குழியை நிமிர்த்த இன்னும் முந்நூற்றைம்பது வருடம் ஆயிற்று. நிமிர்த்தியவர் பொறியியலாளரும் அல்ல.

ஜேம்ஸ் ஃபின்லி, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு நீதிபதி. வழக்குக் கேட்ட நேரம் போக மிச்ச நேரத்தில், பலகையில் நூல் கட்டி, நூலில் எடைகளைத் தொங்கவிட்டு, அது எப்படித் தொய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கொல்லையில் துணிக்கொடி கட்டியவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான்: விறைப்பாக இழுத்துக் கட்டினால் ஈரத்துணியின் பாரத்தில் முளையே பிடுங்கிக்கொண்டு வரும், கொஞ்சம் தொய்யவிட்டால் நிற்கும். ஃபின்லி சங்கிலியைத் தாராளமாகத் தொய்யவிட்டார். ஆனால் தளத்தைச் சங்கிலியின் மேல் போடவில்லை. இரும்புத் தண்டுகளால் சங்கிலியிலிருந்து கீழே தொங்கவிட்டு, சமதரையாக, விறைப்பான சட்டத்தோடு வைத்தார். 1801இல் ஜேக்கப்ஸ் கிரீக் என்ற ஓடைக்கு மேல், 70 அடி இடைவெளியில், முதல் முறையாக ஒரு தொங்குபாலத்தில் வண்டி ஓடியது. காப்புரிமையும் கிடைத்தது. பிலடெல்பியாவுக்கு அருகே ஸ்கூல்கில் ஆற்றிலும் அதே வகையில் ஒன்று எழுந்தது. 1811இல் மாட்டு மந்தை ஏறியபோது அது முறிந்தது. திரும்பக் கட்டினார்கள். 1816 ஜனவரியில் பனி கனத்து மறுபடி விழுந்தது. நல்ல வேளையாக, விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பித் தொழிற்சாலை இருந்தது.

அதன் முதலாளிகள் ஜோசையா வைட், எர்ஸ்கின் ஹசார்ட் இருவரும் அடுத்த பாலத்துக்காகக் காத்திருக்கவில்லை. தங்கள் ஆலையில் இழுத்த கம்பிகளை எடுத்து, ஒரு முனையை ஆலையின் மேல்மாடியிலும் மறுமுனையை அக்கரை மரத்திலும் கட்டினார்கள். நீளம் 400 அடிக்கு மேல். நடக்க ஒன்றரை அடி அகலப் பலகை. செலவு 125 டாலர். கடக்க ஆளுக்கு ஒரு சென்ட். ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஏறக்கூடாது. உலகின் முதல் கம்பித் தொங்குபாலம் என்று வரலாறு குறித்துவைத்திருப்பது இந்த அவசர ஒட்டுவேலையைத்தான். அது நீண்ட நாள் வாழவில்லை; பெரிய பொறியியலாளர்கள் யாரும் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. கம்பி என்றால் இளப்பம். சங்கிலி என்றால் கம்பீரம். அந்தக் கம்பீரம் அடுத்த இருபது வருடம் ஐரோப்பாவைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

1818 ஜனவரியில், ஸ்கொட்லாந்தின் ட்ரைபர்க்கில், கட்டிச் சில மாதமே ஆன நடைபாலம் ஒன்று புயலில் விழுந்தது. அதில் சங்கிலி கோபுரத்துக்குக் கோபுரம் மாலையாகத் தொங்கவில்லை. கோபுரத் தலையிலிருந்து சாய்வாக, நேரே தளத்தைப் பிடித்திருந்தது. பிரான்சின் பெரிய கணித மூளையான நவியே, அந்த முறை வேண்டாம், மாலை முறையே நல்லது என்று எழுதினார். 1825 டிசம்பரில் ஜெர்மனியின் நீன்புர்க்கில், கோமகனைக் கொண்டாடத் தீப்பந்தங்களோடு கூட்டம் ஏறிய இன்னொரு சாய்சங்கிலிப் பாலம் அறுந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதோடு சாய்வு முறை குற்றவாளிக் கூண்டில் ஏறியது. அதன் மேல் விழுந்த பழி பாதிக்கு மேல் அநியாயம் என்பது தெரியவர நூறு வருடத்துக்கு மேல் ஆனது. மாலை முறை மட்டும் தப்பித்ததா? 1826இல் வேல்ஸின் மெனாய் நீரிணைக்கு மேல் 579 அடிக்குச் சங்கிலி தொங்கவிட்டு டெல்ஃபர்ட் புகழின் உச்சிக்குப் போனார். திறந்த சில நாட்களிலேயே புயல் அதைச் சேதப்படுத்தியது. 1830இல் மொண்ட்ரோஸ் நகரில், படகுப் போட்டி பார்க்கக் கூடிய கூட்டம் தளத்தில் நெரித்தபோது சங்கிலி அறுந்தது. அதற்கடுத்த வருடம் நடந்ததோ காற்றாலும் அல்ல, கூட்டத்தாலும் அல்ல, ஒரு சீட்டியால்.

1831 ஏப்ரல் 12. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ப்ராட்டன் தொங்குபாலத்தில் 74 படைவீரர்கள் நால்வர் நால்வராக அணிவகுத்து ஏறினார்கள். காலடிக்கு ஏற்பத் தளம் எழும்பித் தாழ்வதை உணர்ந்ததும் அவர்களுக்கு உற்சாகம். யாரோ அணிநடை மெட்டைச் சீட்டியடிக்க, மற்றவர்கள் வேண்டுமென்றே தாளம் தப்பாமல் ஓங்கி ஓங்கி மிதித்தார்கள். பாலத்துக்கென்று ஓர் இயல்பான ஆட்டம் உண்டு. அந்த ஆட்டமும் காலடியும் ஒரே கணக்கில் சேர்ந்துவிட்டால், ஒவ்வொரு மிதியும் முந்தையதன் மேல் ஏறி நிற்கும். சட்டென்று ஒரு ஆணி தெறித்தது. சுமார் நாற்பது பேர் ஆற்றில். தண்ணீர் ஆழமில்லாததால் உயிர் போகவில்லை, கைகால்கள் முறிந்தன. வேடிக்கை என்னவென்றால், அணியை நடத்தி வந்த அதிகாரி, அந்தப் பாலத்தைத் தன் செலவில் கட்டிய செல்வந்தர் ஃபிட்ஸ்ஜெரால்டின் மகன். இன்னொரு மகன் எட்வர்ட், பிற்காலத்தில் உமர் கய்யாமை ஆங்கிலத்தில் தந்தவர். நம் கவிமணி தமிழுக்குக் கொண்டுவந்தது அந்த நூலைத்தான். அன்றிலிருந்து, பாலத்தில் ஏறும் படைகளுக்கு அணிநடையைக் கலைத்து நடக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. அந்த ஆணையும் ஒரு நாள் கைவிடப் போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

இத்தனை விபத்துக்கும் நடுவே, இலங்கையில் ஆங்கிலேயர் மகாவலிக்கு மேல் தொங்கும் பாலத்தை நம்பவில்லை. கொழும்பு–கண்டி வீதிக்காகப் பேராதனையில் 1833இல் அவர்கள் முடித்தது ஒற்றை வளைவு. நடுவில் தூண் இல்லாமல், 200 அடிக்கு மேல், பெரும்பாலும் முதிரை மரம். வளைவின் தந்திரம் தொங்கலுக்கு நேர் எதிர். வளைவு தன் மேல் ஏறும் பாரத்தை இரு கரைகளையும் வெளிப்பக்கமாகத் தள்ளித் தீர்க்கிறது. அதன் உடம்பெல்லாம் நெருக்கம்தான். தொங்கல் கரைகளை உள்ளே இழுக்கிறது. அதன் வடமெல்லாம் இழுவைதான். கல் நெருக்கத்தைத் தாங்கும், இழுத்தால் பிளக்கும். 1921இல் முடிந்த தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் இரும்பு உத்திரமே இல்லாமல் கல்லாலும் செங்கல்லாலும் இன்றுவரை ரயிலைத் தாங்கி நிற்பது அந்த நெருக்கத்தின் பலத்தால்தான். முதிரைப் பாலமும் 20ஆம் நூற்றாண்டு பிறக்கும்வரை நின்றது. ஆனால் இவ்வளவு மரமும் தச்சும் செலவழித்துப் பாலம் கட்டப்பட்டது துரைமாரின் பெருவீதிக்கு மட்டுமே.

அதே காலத்தில்தான் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளைக் காட்டு வழியே நடந்து, வழியில் பலரைக் கொலராவுக்கும் பசிக்கும் கொடுத்துவிட்டு, தமிழகத்துக் கூலித் தொழிலாளர் மாத்தளைக்கு வரத் தொடங்கினார்கள். கோப்பித் தோட்டங்கள் மலையேறிக்கொண்டிருந்தன. ரிவர்ஸ்டன் பக்கத்து உச்சிகளிலிருந்து இறங்கும் ஓடைகள் மழை வந்தால் ஒரு மணி நேரத்தில் ஆறாகும். அங்கே வளைவு கட்ட யார் வருவார்? ஒரு மரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்தால் அதுதான் பாலம். சிங்களக் கிராமத்தார் ஏதண்ட என்பார்கள். உலகத்துப் பாலங்களில் மூத்ததும் அதுதான். மிதித்தால் மரத்தின் மேல்பக்கம் நெருங்கும், அடிப்பக்கம் இழுபடும். இரண்டையும் ஒரே மரம் தாங்கியாக வேண்டும். அதனால் அது மரத்தின் நீளத்துக்கு மேல் நீளாது. வெள்ளம் பெருத்தால் நிற்கவும் செய்யாது. மலை ஓடைக்கு வேண்டியது வெள்ளத்துக்கு எட்டாமல், தூண் இல்லாமல், மலிவாக, நாலு பேர் தோளில் தூக்கிவரக்கூடிய சாமானில் கட்டும் பாலம். அந்தச் சாமான் ஏறக்குறைய அதே காலத்திலேயே பிறந்தது. பிறந்த இடம் பூமிக்கு அடியில்.

ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் தாது தூக்கும் சங்கிலிகள் அறுந்து அறுந்து விழுந்தன. சங்கிலிக்கு ஒரு சாபம் உண்டு: ஆயிரம் கண்ணி நன்றாக இருந்து ஒன்று கெட்டாலும் எல்லாம் கீழே. சணல் கயிறோ சுரங்கத்து ஈரத்தில் இற்றுப்போயிற்று. கிளவ்ஸ்தால் சுரங்க அதிகாரி வில்ஹெல்ம் ஆல்பர்ட்டுக்கு ஒரு யோசனை. சணல் கயிற்றைத் திரிப்பது போல இரும்புக் கம்பியைத் திரித்தால் என்ன? நாலு கம்பியைத் திரித்து ஒரு புரி. மூன்று புரியைத் திரித்து ஒரு வடம். ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்கும்; அறுந்த கம்பியும் கொஞ்சம் தள்ளிப் பக்கத்துக் கம்பிகளின் பிடியில் மறுபடி பாரம் சுமக்கும். 1834 ஜூலையில் அந்த வடம் சுரங்கத்தில் இறங்கியது. சங்கிலி வீட்டுக்குப் போனது. ஆல்பர்ட் காப்புரிமை வாங்கவில்லை. செய்முறையை எழுதி எல்லோரும் படிக்க விட்டுவிட்டார். படித்தவர்களில் ஒருவர், அமெரிக்காவில் விவசாயம் செய்து தோற்றுக்கொண்டிருந்தார்.

ஜான் ரோப்ளிங் ஜெர்மனியில் பொறியியல் படித்துவிட்டு, பென்சில்வேனியாவில் சாக்சன்பர்க் என்ற ஊரை உருவாக்கிக் கமம் செய்ய வந்தவர். மண் கைகொடுக்கவில்லை. அக்காலத்தில் கால்வாய்ப் படகுகளை அலகெனி மலைக்கு மேல் தண்டவாளத்தில் ஏற்றி இழுக்கும் விசித்திரமான போக்குவரத்து ஒன்று இருந்தது. இழுத்தது சணல் வடம். அறுந்தபோது ஆட்கள் செத்தார்கள். எப்போதோ படித்த கம்பிவடம் ரோப்ளிங்கின் நினைவுக்கு வந்தது. 1841இல் வீட்டின் பின்பக்க வயலையே வடம் திரிக்கும் களமாக்கி, அக்கம்பக்கத்தாரைக் கூட்டித் திரித்தார். போட்டிக் கயிற்று வியாபாரிகள் ஆள் வைத்து அதை அறுக்கச் செய்தார்கள் என்றுகூட ஒரு கதை உண்டு. வடம் தப்பியது, வியாபாரம் வளர்ந்தது. ஆனால் அவர் மனதில் இருந்தது வடமல்ல, பாலம். அப்போது நாட்டிலேயே பெரிய பாலப் போட்டி நயாகராவில். அதை அவருடைய எதிரி தட்டிக்கொண்டு போய்விட்டார்.

எதிரியின் பெயர் சார்ல்ஸ் எல்லெட். நயாகரா அருவிக்குக் கீழே ஆறு 200 அடிக்கும் மேற்பட்ட ஆழத்தில் வெறிபிடித்து ஓடுகிறது. இடைவெளி 800 அடி. தூண் கிடையாது, சாரம் கிடையாது, படகும் போகாது. முதல் கயிற்றை எப்படி அக்கரை சேர்ப்பது? கூடிப் பேசியவர்கள் கடைசியில் கண்ட வழி பட்டப் போட்டி. பட்டத்தை மறுகரையில் விழவைக்கும் பையனுக்குப் பரிசு 5 டாலர். 1848 ஜனவரியில் ஹோமன் வால்ஷ் என்ற பதின்வயதுப் பையன், காற்று கனடாப் பக்கமிருந்து வீசுவதைக் கவனித்து, ஓடத்தில் அக்கரை போய், அங்கிருந்து பட்டத்தை ஏற்றினான். பகல் முழுக்க, இரவும் விட்டான். பட்டம் எதிர்க்கரை வரை போயிற்று. நூல் கீழே ஆற்றில் மிதந்த பனிக்கட்டியில் பட்டு அறுந்தது. அதே பனிக்கட்டி ஓடத்தையும் நிறுத்திவிட்டது. எட்டு நாள் அந்நிய நாட்டில் மாட்டிக்கொண்டான் பையன். பிறகு திரும்பி வந்து, பட்டத்தை ஒட்டிச் சரிசெய்து, மறுபடி கனடா போய், மறுபடி விட்டான். இந்த முறை நூல் நின்றது. நூலில் கட்டி மெல்லிய கயிறு, அதில் கட்டித் தடித்த கயிறு, அதில் கட்டிக் கம்பிவடம் என்று பள்ளத்தாக்கைத் தாண்டியது பாலம். மார்ச்சில் எல்லெட் இரும்புக் கூடையில் உட்கார்ந்து, வடத்தில் தொங்கியபடி அக்கரை போய்க் காட்டினார். அதோடு அவருக்கும் பாலக் கம்பனிக்கும் தகராறு முற்றியது. பாதியில் நின்ற வேலை ரோப்ளிங் மடியில் வந்து விழுந்தது.

விழுந்த நேரம் சரியில்லை. 1850 ஏப்ரலில் பிரான்சின் ஆன்ஜேயில், புயல் வீசிய நேரத்தில் ஒரு பட்டாளம் கம்பித் தொங்குபாலத்தில் ஏறியது. அணிநடையைக் கலைக்கும்படி ஆணை இருந்தது. கலைத்துத்தான் நடந்தார்கள். ஆனால் காற்றில் தளம் ஆட ஆட, விழாமலிருக்க எல்லோரும் ஒரே பக்கம் காலூன்றினார்கள். தாளம் தானாக வந்து சேர்ந்தது. 226 பேர் மாண்டார்கள். பிறகு தோண்டிப் பார்த்தால், பாதுகாப்பு என்று நம்பிச் சுண்ணாம்புச் சாந்தில் புதைத்துவைத்த நங்கூரக் கம்பிகள் உள்ளே துருவேறிக் கிடந்தன. 1854 மே மாதம் எல்லெட் கட்டிய 1010 அடி வீலிங் பாலமும் காற்றில் புரண்டு விழுந்தது. ரோப்ளிங் அப்போது நயாகராவில், அதற்கு மேல் ரயில் ஓடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள்.

அவர் செய்தது இதுதான்: ஆட்டத்தை முழுக்க ஒழிக்க முடியாது, அடக்கலாம். மேலே ரயிலுக்கு ஒரு தளம், கீழே வண்டிக்கு ஒரு தளம் போட்டு, இரண்டுக்கும் நடுவே முக்கோணம் முக்கோணமாக மரச்சட்டம் பின்னினார். நாற்கரத்தை மூலையில் தள்ளினால் சாயும், முக்கோணம் சாயாது. உலகமெங்கும் இரும்பு ரயில் பாலங்களில் தெரியும் அந்தச் சட்டகத்தைத்தான் அவர் தொங்குபாலத்தின் வயிற்றில் வைத்தார். போதாததற்கு, கோபுரத்திலிருந்து தளத்துக்குச் சாய்வு வடங்கள். கீழே பாறைக்கும் தளத்துக்கும் பிடிவடங்கள். 1855 மார்ச்சில் ரயில் மெதுவாக ஊர்ந்து அக்கரை போய்ச் சேர்ந்தது. பாலம் நாற்பது வருடத்துக்கு மேல் உழைத்தது.

பயம் மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். திருவிதாங்கூரில், செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் வழியில், புனலூரில் கல்லடை ஆற்றுக்கு மேல் 1877இல் ஆல்பர்ட் ஹென்றி தொங்குபாலம் கட்டி முடித்தபோது, ஏற ஆள் வரவில்லையாம். ஆறு யானைகளை மேலே நடத்திவிட்டு, ஹென்றி தன் குடும்பத்தோடு பாலத்துக்குக் கீழே படகில் உட்கார்ந்திருந்தார் என்று அந்தப் பக்கம் இன்றும் சொல்கிறார்கள். கதையோ நிஜமோ, பாலம் இன்னும் நிற்கிறது. அதே பத்தாண்டில் நியூயார்க்கில் ரோப்ளிங்கின் மகன் வாஷிங்டன், தந்தை உயிரைக் கொடுத்துத் தொடங்கிய புரூக்ளின் பாலத்துக்கு வடம் பின்னிக்கொண்டிருந்தார். கம்பி கொடுத்த வியாபாரி, சோதனையில் தேறிய நல்ல கம்பிச் சுருளை வழியிலேயே மாற்றிக் கழித்த கம்பியை அனுப்பிக்கொண்டிருந்தது 1878இல் அம்பலமானது. வடத்தில் ஏறியதை உருவ முடியாது. தேவைக்கு ஆறு மடங்கு பலம் வைத்திருந்ததால் கெட்ட கம்பி போகவும் பலம் மிஞ்சியது. ஒவ்வொரு வடத்திலும் 150 நல்ல கம்பிகளைக் கூடுதலாகச் சேர்த்து, 1883இல் பாலத்தைத் திறந்தார்கள். வஞ்சகத்தையும் சேர்த்துச் சுமந்தபடி அது இன்றும் வாகனங்களைத் தாங்குகிறது. இனி விழாது என்ற தெம்பு வந்தது. அந்தத் தெம்புதான் அடுத்த விபத்துக்கு அடிக்கல்.

1940 ஜூலையில் அமெரிக்காவின் டகோமா நீரிணைக்கு மேல் திறந்த பாலம், 853 மீட்டர் நடுப்பரப்பு. முதலில் வரைந்த வரைபடத்தில் 25 அடி உயரச் சட்டகம் இருந்தது. செலவு அதிகம் என்று, புகழ்பெற்ற பொறியியலாளர் லியோன் மொய்செய்ஃப் அதை எடுத்துவிட்டு, 8 அடி உயரத்துக்கு மூடிய இரும்புத் தகடுகளை இரு பக்கமும் வைத்தார். பார்க்க அழகு, பணமும் மிச்சம். இளங்காற்றுக்கே தளம் அலை அலையாக எழும்பியது. சனங்கள் பயப்படவில்லை, தூரத்திலிருந்து கார் ஓட்டிவந்து, காசு கட்டி, ஆடிப் பார்த்தார்கள். நாலு மாதம் அந்தத் திருவிழா. நவம்பர் 7 காலை காற்றின் வேகம் மணிக்கு 67 கிலோமீட்டர். புயல் என்றுகூடச் சொல்ல முடியாது. திடீரென ஆட்டம் மாறியது. மேலும் கீழுமாக ஆடிய தளம், இடமும் வலமுமாக முறுகத் தொடங்கியது. மூடிய தகடு காற்றைக் கடந்துபோக விடவில்லை; முறுக்கம் காற்றைத் திருப்பியது, திரும்பிய காற்று முறுக்கத்தை வளர்த்தது. காரை விட்டுவிட்டு ஒருவர் தவழ்ந்தே கரையேறினார். காருக்குள் இருந்த நாய் போய்விட்டது. பதினொரு மணியளவில் நடுப்பகுதி கடலில் விழுந்ததை ஒரு படக்கருவி முழுக்கப் பிடித்துவைத்தது. பாலம் எங்கே விழப்போகிறது என்று காப்புறுதிக் கட்டணத்தைத் தன் பையில் போட்டுக்கொண்ட முகவர் ஒருவர் சிறைக்குப் போனார்.

ஆராய்ந்தவர்கள் பழைய காகிதங்களைப் புரட்டியபோது ஒரு சித்திரம் கிடைத்தது. 1836இல் பிரைட்டன் கடற்கரைச் சங்கிலிப் பாலம் புயலில் முறுகி உடைவதைக் கரையில் நின்று பார்த்த வில்லியம் ரீட் என்ற இராணுவப் பொறியியலாளர் வரைந்தது. டகோமா படத்தில் தெரிந்த அதே முறுக்கம். நூறு வருடமாக அது அச்சில் கிடந்தது; பாலம் கட்டுகிறவர்கள் எடுத்துப் பார்க்கவில்லை. 1950இல் டகோமாவில் திரும்பக் கட்டியபோது சட்டகம் திரும்பியது. காற்று ஊடே போகத் தளத்தில் திறப்புகளும் வைத்தார்கள். ஒதுக்கப்பட்ட சாய்வு முறைக்கும் அந்தக் காலத்தில்தான் விடுதலை. பழைய பாலங்கள் விழுந்தது முறையின் குற்றமல்ல, இளகிய இரும்பின் குற்றம் என்று கண்ட ஜெர்மானியர் டிஷிங்கர், உறுதிமிக்க எஃகு வடங்களை முன்கூட்டியே இறுக்கிக் கட்டினார். அவர் வடிவமைத்த பாலம் 1956இல் ஸ்வீடனின் ஸ்ட்ரோம்சுண்டில் திறந்தது. 2021 நவம்பரில் கொழும்பில் களனி கங்கைக்கு மேல் திறந்த புதிய பாலத்தில், கோபுரத்திலிருந்து விசிறியாக இறங்கும் வடங்களும் அந்தக் குடும்பத்தவை.

பெரிய பாலங்கள் இப்படிப் பெயரெடுக்க, சுரங்கத்தில் பிறந்த வடம் சத்தமில்லாமல் மலையேறியது. மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறும் வீதியில் மதகுகள் எத்தனையோ; யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பம்பரகிரி எல்ல அருவியடியில் மட்டும் வண்டிகள் நிற்கும். அங்கே ஒரு சின்னத் தொங்குபாலம் உண்டு. இளவட்டங்கள் நடுவில் நின்று ஆட்டிக் கூட வந்தவர்களை அலற வைப்பார்கள். அருவியைப் பின்னால் வைத்துச் செல்ஃபி எடுப்பார்கள். பிறகு மேலே காற்று வாங்கப் போவார்கள். ரிவர்ஸ்டன் உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரத்துப் பக்கம் சில நாள் நிமிர்ந்து நிற்க விடாத காற்று. அந்தக் காற்றுப் பட்டியில் இத்தகைய நடைபாலம் நிற்பதே மேற்சொன்ன கதையால்தான். தூணில்லாத யோசனை பாஹியன் கடந்தது. தொய்வு நீதிபதி ஃபின்லியுடையது. வடம் ஆல்பர்ட்டினுடையது. பலகைகளுக்கு நடுவே விடும் இடுக்கு டகோமாவின் பாடம். ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்று இத்தகைய பாலங்களில் மாட்டும் பலகைகூட, ஸ்கூல்கில் ஆற்றின் அந்த எட்டுப் பேர் கட்டுப்பாட்டின் வாரிசு.

அந்தப் பலகையை யாரும் மதிக்காத ஊரில் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. குஜராத்தின் மோர்பியில் 19ஆம் நூற்றாண்டுத் தொங்குபாலம் ஒன்றைப் பழுதுபார்த்ததாகச் சொல்லி 2022 அக்டோபர் 26இல் திறந்தார்கள். நாலு நாள் கழித்து ஒரு மாலை, தாங்கக்கூடியதற்கு மிஞ்சிய கூட்டம் ஏறியிருந்தபோது வடம் அறுந்தது. 135 பேர் இறந்தார்கள். விசாரணைக் குழு அறுந்த வடத்தைப் பிரித்து எண்ணியது: ஏழு கம்பி வீதம் ஏழு புரி, மொத்தம் 49 கம்பிகள். அவற்றில் 22 துருவேறிப் போயிருந்தன. கூட்டம் ஏறுவதற்கு முன்பே அவை அறுந்திருக்கலாம் என்று குழு எழுதியது. பழுதுபார்த்தபோது புதிதாக மாற்றப்பட்டது நடைதளம்தான், வடத்தை மாற்றவில்லை.